டீச்சரம்மா கொண்டுவந்த தாள்

போகிக்கு முதல் நாள் பரணைச் சுத்தம் செய்வது எங்கள் வீட்டு வழக்கம். இந்த வருடம் ஏணியில் ஏற என் முழங்கால் இடம் கொடுக்கவில்லை. பேரன்தான் ஏறி, என் நைனாவின் பழைய தகரப் பெட்டியை இறக்கிக் கொடுத்தான்.

பெட்டிக்குள் ஆலையில் கொடுத்த அடையாள அட்டை, காது உடைந்து நூல் சுற்றிய மூக்குக் கண்ணாடி, இரண்டு வேட்டி, ஒரு பிளாஸ்டிக் உறையில் வைப்புத்தொகை ரசீது. பேரன் ரசீதை எடுத்துப் பார்த்துவிட்டு, "தாத்தா, அறுபதாயிரம்னு போட்டிருக்கு! இப்ப பேங்க்ல குடுத்தா எவ்வளவு வரும்?" என்று கேட்டான். ஒரு பைசா கூட வராது என்றேன். அவன் சிரித்துவிட்டுப் போய்விட்டான்.

ரசீதுக்கு அடியில் நான்காக மடித்த தாள் ஒன்று இருந்தது. தட்டச்சு செய்த மனுவின் கார்பன் நகல். கடைசிப் பக்கத்தில் வரிசையாகப் பெயர்களும் கையெழுத்துகளும். 1 முதல் 43 வரை பேனாவில். 44 என்ற எண்ணுக்கு எதிரே பென்சிலில் என் நைனாவின் பெயர். கையெழுத்துக்கு விட்ட இடம் காலியாக இருந்தது.

அந்த இடம் காலியாக இருப்பதற்குக் காரணம் நான்தான். இருபத்தைந்து வருடத்துக்கும் மேலாக மனதில் வைத்திருந்ததை இன்று எழுதிவிடுகிறேன்.

நைனா முதலியார்பேட்டை ரோடியர் ஆலையில் வேலை பார்த்தவர். பின்னால் அதற்கு ஆங்கிலோ பிரெஞ்சு டெக்ஸ்டைல்ஸ், ஏ.எஃப்.டி. என்றெல்லாம் பெயர் வந்தாலும், எங்கள் வீட்டில் கடைசி வரை அது ரோடியர்தான். 1988இல் ஓய்வு பெற்றார். கிராஜுவிட்டியும் பி.எஃப். பணமும் வந்தபோது, பெரும்பகுதியை என் தங்கை கல்யாணக் கடனுக்குக் கட்டினார். மிச்சத்தைச் சில வருடம் வங்கியில் வைத்திருந்துவிட்டு, பிறகு ஊரில் இருந்த ஒரு நிதி நிறுவனத்தில் போட்டார். பெயர் வேண்டாம். அந்தக் காலத்தில் அப்படிப் பல இருந்தன. கண்ணாடிக் கதவு, உள்ளே ஏ.சி., ரோஜாப்பூ வைத்த மேசை, வருடத்துக்கு 18 சதவீதம் வட்டி. மாதம் தவறாமல் வட்டி வந்தது. நைனா அதை வாங்கப் போகும்போது சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு போவார்.

1998இல் ஒரு நாள் போனவர், கதவு பூட்டியிருக்கிறது என்று திரும்பி வந்தார். மறுநாளும் பூட்டியிருந்தது. மூன்றாம் நாள் கதவில் ஒரு அறிவிப்பு ஒட்டியிருந்தார்கள். நிர்வாகச் சிக்கல், விரைவில் பணம் திருப்பித் தரப்படும் என்று. அந்த "விரைவில்" வரவே இல்லை.

எங்கள் தெருவில் ஓய்வு பெற்ற அரசுப் பள்ளி ஆசிரியை ஒருவர் இருந்தார். தெருவே டீச்சரம்மா என்றுதான் கூப்பிடும். அவரும் அங்கே பணம் போட்டிருந்தார். அழுதுகொண்டு உட்காராமல், குடையை எடுத்துக்கொண்டு ரசீது வைத்திருப்பவர்களைத் தேடி வீடு வீடாகப் போனார். ஒரு வக்கீலைப் பிடித்து, நுகர்வோர் மன்றத்தில் போட ஒரு கூட்டு மனு தயார் செய்தார். 43 பேர் கையெழுத்துப் போட்டாகிவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை எங்கள் வீட்டுக்கு வந்தார்.

"ஐயா, நீங்க கோர்ட்ல இருக்கிறவர். நீங்களே பாத்துட்டுச் சொல்லுங்க. பெரியவர் பேரை நாப்பத்து நாலாவதா பென்சில்ல எழுதி வெச்சிருக்கேன்" என்றார்.

நான் அப்போது நீதிமன்றத்தில் பெஞ்ச் கிளார்க். மனுவை வாங்கி, பெரிய மனிதன் மாதிரி இரண்டு தடவை படித்தேன். "டீச்சரம்மா, வழக்குன்னு போனா பத்து வருஷம் இழுக்கும். கம்பெனிக்காரன் பேர்ல சொத்தே இருக்காது. ஜெயிச்சாலும் பேப்பர்தான் கையில இருக்கும். கொஞ்சம் பொறுங்க, அவங்களே ஏதாவது ஏற்பாடு பண்ணுவாங்க" என்றேன். தாளை வைத்துவிட்டுப் போங்கள், நைனாவிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றும் சொன்னேன்.

நைனா திண்ணையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். டீச்சரம்மா போனபிறகு மெதுவாகச் சொன்னார்: "தம்பி, நான் ஆலையில தனியாப் போயி ஒண்ணும் வாங்கினதில்ல. எங்கப்பாரும் வாங்கினதில்ல. போட்டுடுறேனே கையெழுத்து."

"நைனா, இது ஆலை இல்ல, கோர்ட்டு. உங்களுக்குத் தெரியாது" என்றேன்.

அவர் அதற்கு மேல் ஒன்றும் பேசவில்லை. உண்மையில் தெரியாமல் இருந்தவன் நான்தான். அவருக்குத் தெரிந்ததைச் சொல்ல வேண்டுமானால் 1936க்குப் போக வேண்டும்.

நம் ஊரில் அப்போது மூன்று பெரிய பஞ்சாலைகள்: சவானா, ரோடியர், கப்ளே. ஒரு நாளைக்குப் பத்து மணி நேரத்துக்கும் மேல் வேலை. பெண்களும் சிறுவர்களும் அதில் அடக்கம். பிரான்சில் 1884லேயே தொழிற்சங்கம் வைக்கச் சட்டம் வந்துவிட்டது. ஆனால் பிரெஞ்சுக் கொடி பறந்த புதுச்சேரித் தொழிலாளிக்கு அந்த உரிமை கிடையாது. சங்கமே சட்டப்படி இல்லை என்றால் யார் பெயரில் மனுக் கொடுப்பது? தனித்தனியாகக் கேட்டவன் மறுநாள் வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லப்படுவான்.

வ. சுப்பையா தலைமையில் தொழிலாளர்கள் ஒன்று சேர்ந்தார்கள். 1936 ஜூலை 30 அன்று வேலைநிறுத்தத்தில் இருந்தவர்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. 12 பேர் இறந்தார்கள். என் தாத்தா அன்று சவானா ஆலையில் இருந்தவர். நைனாவுக்கு எட்டு வயது. தூக்குவாளியில் கஞ்சி கொண்டு போனவரைப் பாதி வழியில் யாரோ திருப்பி அனுப்பிவிட்டார்கள். தூரத்தில் கேட்ட சத்தத்தைப் பட்டாசு என்று நினைத்ததாகச் சொல்வார். தாத்தா இரவு வீட்டுக்கு வந்து சேர்ந்தார். வராத வீடுகளும் இருந்தன.

மறு வருடம் சுப்பையா பாரீசுக்கே போய்ப் பேசினார். அங்கே அப்போது மக்கள் முன்னணி அரசு. 1937 ஏப்ரல் 6 அன்று ஆணை வந்தது. எட்டு மணி நேர வேலையும் சங்கம் வைக்கும் உரிமையும் அதன் வழியாகக் கிடைத்தன. ஆசியாவிலேயே முதலில் எட்டு மணி நேரம் பெற்ற ஊர் என்று நம்மவர்கள் இன்றும் பெருமையாகச் சொல்வார்கள். கையெழுத்துப் போட்டவனுக்கு மட்டும், ஊர்வலம் வந்தவனுக்கு மட்டும் என்று அந்த ஆணையில் பிரித்துவைக்கவில்லை. பயந்து வீட்டில் இருந்தவனுக்கும் அதே எட்டு மணி நேரம்தான். "தாத்தா வாங்கின எட்டு மணிக்கு நான் முப்பத்தொம்பது வருஷம் சங்கு கேட்டு வீட்டுக்கு வந்தேன்" என்பார் நைனா.

இப்போது எனக்குத் தெரிந்திருந்ததைச் சொல்கிறேன். இதுதான் சொல்லக் கூச்சமாக இருக்கும் பகுதி.

சிவில் நடைமுறைச் சட்டத்தில் ஆணை 1 விதி 8 என்று ஒன்று உண்டு. ஒரே விதமான அக்கறை உள்ளவர்கள் பலர் இருந்தால், அவர்களில் ஒருவரோ சிலரோ நீதிமன்ற அனுமதியுடன் எல்லாருக்காகவும் வழக்குப் போடலாம். மற்றவர்களுக்கு நீதிமன்றம் அறிவிப்புக் கொடுக்கும். ஆட்கள் அதிகம் என்றால் பத்திரிகையில் விளம்பரம். யாருக்காவது ஆட்சேபம் இருந்தாலோ, தானும் சேர வேண்டும் என்றாலோ வந்து சொல்லலாம். தீர்ப்பு எல்லாரையும் கட்டுப்படுத்தும். கோயில் நிலம், பொதுவழி, சங்கத் தகராறு வழக்குகளில் அந்த மாதிரி அறிவிப்புகளை நானே எத்தனையோ தடவை தயார் செய்திருக்கிறேன். தினசரிப் பத்திரிகையின் மூலையில் பொடி எழுத்தில் வருமே, அதுதான். நீங்களும் படிக்காமல் தாண்டிப் போயிருப்பீர்கள்.

நான் வேலையில் சேர்ந்த புதிதில், பிரெஞ்சுக் காலத்துப் பெரியவர்கள் இரண்டொருவர் அலுவலகத்தில் இருந்தார்கள். 1968இல் இந்தியச் சட்டங்கள் இங்கே நீட்டிக்கப்படும் வரை நம் நீதிமன்றங்களில் பிரெஞ்சு நடைமுறைதான். அவர்களுக்கு இந்த விதி 8 ஆச்சரியமாக இருக்கும். "ஒருத்தன் வழக்கை இன்னொருத்தன் எப்படிப்பா நடத்துவான்?" என்பார்கள். பிரெஞ்சுச் சட்டத்தின் பழைய கோட்பாடு அது: அவனவன் வழக்கை அவனவன் பெயரில்தான் நடத்த வேண்டும். பிரான்சில் நுகர்வோருக்கான குழு வழக்கு வந்ததே 2014இல்தான். அதுவும் அங்கீகாரம் பெற்ற நுகர்வோர் சங்கத்தின் வழியாக. அந்த வகையில் பிரான்சு நாட்டுக்காரனுக்கு இல்லாத வசதி நம் மேசையில் 1968 முதல் இருந்தது.

பக்கத்திலேயே ஒரு நல்ல தீர்ப்பும் இருந்தது. சென்னை அசோக் நகரில் தமிழ்நாடு வீட்டு வசதி வாரியம் குறைந்த வருமானப் பிரிவினருக்கு வீடுகள் ஒதுக்கியது. பத்து வருடத்துக்கு மேல் ஆனபின், இன்னும் பணம் கட்டுங்கள் என்று வாரியம் நோட்டீஸ் அனுப்பியது. ஒதுக்கீடு பெற்ற ஒருவர், தனக்கு மட்டும் இல்லாமல் எல்லாருக்காகவும் விதி 8இன்படி வழக்குப் போட்டார். ஒவ்வொருவருக்கும் தனித்தனி நோட்டீஸ் போயிருக்கிறது, தனித்தனித் தொகை, அதனால் ஒரே வழக்காகப் போட முடியாது என்று வாரியம் வாதாடியது. தொகை வேறானாலும் கேள்வி ஒன்றுதானே என்று 1990இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வாரியத்தின் மேல்முறையீடு தள்ளுபடி. எங்கள் நீதிமன்றத்தில் வக்கீல்கள் அந்தத் தீர்ப்பைக் காட்டி வாதாடுவதை நான் கேட்டிருக்கிறேன்.

நுகர்வோர் சட்டத்திலும் 1993 திருத்தத்தில் இதே ஏற்பாடு வந்துவிட்டது. ஒரே அக்கறை உள்ள பல நுகர்வோருக்காக ஒருவரோ சிலரோ, மன்றத்தின் அனுமதியுடன் புகார் கொடுக்கலாம்.

டீச்சரம்மாவின் மனு அப்படிப்பட்டது அல்ல. அது கையெழுத்துப் போட்ட 43 பேரின் கூட்டு மனு மட்டும். அனுமதி கேட்டு ஒரு விண்ணப்பமும் பத்திரிகையில் ஒரு விளம்பரமும் சேர்த்திருந்தால், பணம் போட்ட அத்தனை பேருக்குமான மனுவாக அதை மாற்றக் கேட்டிருக்கலாம். ஊரில் முந்நூறு பேருக்கு மேல் போட்டிருந்தார்கள் என்று பின்னால் தெரிந்தது. மனுவைப் படித்த இரண்டு தடவையும் இந்த விஷயம் என் கண்ணில் பட்டது. "வக்கீலிடம் இதைக் கேட்டுப் பாருங்கள்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

ஏன் என்று பல தடவை என்னையே கேட்டுப் பார்த்திருக்கிறேன். நீதிமன்ற ஊழியன் வழக்குக்கு யோசனை சொன்னான் என்று பேச்சு வருமோ என்ற பயம் ஒன்று. நாளைக்கு அலுவலகத்தில் கேள்வி வந்தால் பதில் சொல்ல வேண்டுமே. இன்னொன்று, தினமும் கட்டுக் கட்டாக வழக்குகளைப் பார்த்துப் பார்த்து வந்த அலட்சியம். பஸ் கண்டக்டருக்கு ஊருக்குப் போகும் ஆசை இருக்காது என்பார்களே, அதுபோல. பெரிதாக வேறு காரணம் இல்லை.

மனு போட்டார்கள். நான் சொன்ன பத்து வருடம் ஆகவில்லை. மூன்று வருடத்துக்குச் சற்று மேலே ஆயிற்று. உத்தரவு வந்தது. கம்பெனியின் கட்டிடம் விற்பனையாகி, வங்கிக் கடன் போக மிச்சத்தில் 43 பேருக்கும் இரண்டு தவணையாகப் பணம் வந்தது. போட்டதில் பாதிக்குக் கொஞ்சம் கூட. டீச்சரம்மா எங்கள் வீட்டுக்கு லட்டு கொண்டுவந்து கொடுத்தார். என்னிடம் ஒரு சொல் குத்திப் பேசவில்லை. நைனா ஒரு லட்டை எடுத்துப் பாதி சாப்பிட்டுவிட்டு மீதியைத் தட்டிலேயே வைத்தார். 2002இல் காலமானார். அந்தப் பணத்தைப் பற்றி என்னிடம் பிறகு பேசவே இல்லை. பேசியிருந்தால் தேவலாம்.

கையெழுத்துப் போடாமல் விட்டவர்கள் எல்லாரும் என்னைப் போல மெத்தப் படித்தவர்கள் அல்ல. மார்க்கெட் பக்கம் இட்லி வியாபாரம் செய்த ஒரு அம்மாள் மகள் கல்யாணத்துக்கு என்று எட்டாயிரம் போட்டிருந்தார். அவருக்கு இப்படி ஒரு மனு போவதே தெரியாது. டீச்சரம்மாவின் குடை அந்தத் தெரு வரை போகவில்லை. பத்திரிகையில் அறிவிப்பு வந்திருந்தால், இட்லி மடித்துக் கொடுக்கும் தாளிலாவது யாராவது படித்துச் சொல்லியிருப்பார்கள். சொல்லாமல் போயிருந்தாலும், தீர்ப்பில் அவருக்கும் பங்கு இருந்திருக்கும். அந்த ஏற்பாட்டின் அர்த்தமே அதுதான். எட்டாயிரத்துக்குத் தனியாக வழக்குப் போட யாராலும் முடியாது. அது கம்பெனிக்காரனுக்கும் தெரியும்.

தொண்ணூறுகளில் தமிழ்நாட்டிலும் இதே கதைதான். 1997இல் அங்கே முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்தார்கள். நமக்கு 2004இல் வந்தது. நிறுவனத்தின் சொத்தை அரசே முடக்கி, சிறப்பு நீதிமன்றம் வழியாக விற்று, பணம் போட்டவர்களுக்கு விகிதப்படி பிரித்துக் கொடுக்கும் சட்டம். ஒவ்வொருவரும் தனித்தனியாக வழக்கு நடத்த வேண்டியதில்லை. அரியூர் சர்க்கரை ஆலை தொடர்பான வழக்கில் இந்தச் சட்டம் செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2012இல் தீர்ப்புச் சொன்னது. எங்கள் கம்பெனி விஷயம் வேறு. 2004க்குள் அதில் முடக்குவதற்கு ஒன்றும் மிச்சம் இல்லை.

தொழிலாளர் விஷயத்தில் சமீப காலத்தில் என் மனதில் நின்றது கொடைக்கானல். அங்கே பாதரச வெப்பமானி செய்யும் தொழிற்சாலை இருந்தது. அமெரிக்காவில் இருந்து எண்பதுகளில் கொண்டுவந்து வைத்தது. பிறகு இந்துஸ்தான் லீவர் வசம் வந்தது. பாதரசம் கலந்த கண்ணாடிக் கழிவு ஊருக்குள் பழைய சாமான் கடையில் கிடப்பது வெளியே தெரிந்து, 2001இல் ஆலை மூடப்பட்டது. தங்கள் உடம்பு கெட்டதற்குப் பாதரசமே காரணம் என்று தொழிலாளர்கள் சொன்னார்கள். நிறுவனம் அதை ஒப்புக்கொள்ளவே இல்லை. ஒவ்வொரு தொழிலாளியும் தன் சிறுநீரகம் எதனால் கெட்டது என்று தனியாக நிரூபிக்க வேண்டும் என்றால் எத்தனை மருத்துவர், எத்தனை அறிக்கை, எவ்வளவு செலவு! அவர்கள் சங்கமாகச் சேர்ந்து 2006இல் சென்னை உயர் நீதிமன்றம் போனார்கள். 2015இல் ஒரு சென்னைப் பெண் பாடிய பாட்டு உலகம் முழுக்கப் பரவியது. 2016 மார்ச்சில் 591 முன்னாள் தொழிலாளர்களுக்கும் உடன்பாடு ஆயிற்று. மனிதாபிமான அடிப்படையில் என்றது நிறுவனம். ஆலை மூடி பதினைந்து வருடம். அதற்குள் கண்ணை மூடியவர்களும் உண்டு. ஆனாலும் 591 என்ற அந்த எண்ணைப் பத்திரிகையில் படித்தபோது எனக்கு இந்த 44தான் ஞாபகம் வந்தது.

சேர்ந்து போனால் எல்லாம் சுபம் என்று சொல்ல வரவில்லை. போபால் இருக்கிறது. விஷவாயு பாதித்த எல்லாருக்காகவும் தானே வழக்கு நடத்துவதாக மத்திய அரசு 1985இல் சட்டம் போட்டது. 1989 பிப்ரவரியில் 47 கோடி டாலருக்குச் சமரசம் முடிந்தது. பாதிக்கப்பட்டவர்களைக் கேட்காமலே முடித்தார்கள். பிள்ளையைப் பறிகொடுத்தவள் வானொலியில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய நிலை. நமக்காக ஒருவர் பேசும்போது என்ன பேசுகிறார் என்று நமக்குத் தெரிய வேண்டும். விதி 8இல் அறிவிப்பை ஏன் கட்டாயமாக்கினார்கள் என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது. வழக்கைச் சமரசம் செய்வதற்கும், கைவிடுவதற்கும்கூட எல்லாருக்கும் அறிவிப்புக் கொடுக்க வேண்டும். வருடக்கணக்கில் அந்தப் பொடி எழுத்து விளம்பரங்களைச் சடங்காகத் தயார் செய்தவன் நான்.

2021 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கொடுத்த ஒரு தீர்ப்பை ஓய்வு பெற்ற நண்பர் ஒருவர் படிக்கக் கொடுத்தார். பெங்களூரில் 1,134 வீடுகள் கொண்ட ஒரு அடுக்குமாடித் திட்டம். வீடு தாமதமானதற்கு நஷ்டஈடு கேட்டு, 51 வீடுகளை வாங்கிய 91 பேர் எல்லாருக்காகவும் என்று புகார் போட்டார்கள். 1,134 வீட்டுக்காரர்களுக்கும் ஒரே அக்கறை என்பதை மனுவில் சரியாக எடுத்துச் சொல்லவில்லை, ஆகவே எல்லாருக்குமான புகாராக ஏற்க முடியாது என்றது நீதிமன்றம். ஆனால் அந்த 91 பேரும் கூட்டுப் புகாராக அதையே தொடர்ந்து நடத்தலாம் என்றும் சொன்னது. கூட்டு மனு வேறு, எல்லாருக்குமான மனு வேறு. இந்த வித்தியாசத்தை இத்தனை தெளிவாகப் படித்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. 1998இல் திண்ணையில் உட்கார்ந்து நான் சொல்லாமல் விட்டது இந்த வித்தியாசத்தைத்தான்.

நம் வயதுக்காரர்கள் பலர் இன்றும் ஏதாவது ஒன்றில் மாட்டிக்கொண்டுதான் இருக்கிறோம். சீட்டுக் கம்பெனி, வீட்டு மனை, காப்பீடு, கேட்காமலே பிடிக்கும் கட்டணம் என்று ஏதோ ஒன்று. அதனால் தெரிந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இப்போது நடப்பில் இருப்பது 2019ஆம் வருடத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். அதில் பிரிவு 35(1)(சி) தான் நான் சொன்ன ஏற்பாடு. மனுவோடு அனுமதி விண்ணப்பம் வேண்டும். எல்லாருடைய குறையும் ஒன்றே, கேட்கும் பரிகாரமும் ஒன்றே என்பதை விளக்கி எழுத வேண்டும். அதை எழுதாமல் விட்டால் பெங்களூர்க்காரர்கள் கதிதான். குறை ஏற்பட்டு இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். அவர்களே தந்துவிடுவார்கள் என்று நல்ல மனதோடு காத்திருப்பவர்களுக்கு அந்த இரண்டு வருடம் எப்படிப் போனது என்றே தெரியாது. கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை என்றால் மனுக் கட்டணம் இல்லை. முதலில் விசாரித்துத் தெரிந்துகொள்ள 1915 என்ற உதவி எண் இருக்கிறது. ரசீதுகளைப் பத்திரமாக வையுங்கள். பிள்ளைகளுக்குத் தெரியும் இடத்தில் வையுங்கள்.

பொங்கல் கழிந்து, அந்தத் தாளை எடுத்துக்கொண்டு டீச்சரம்மாவைப் பார்க்கப் போனேன். எண்பதைத் தாண்டிவிட்டார். மகள் வீட்டு மாடியில் இருக்கிறார். கண் சரியாகத் தெரியவில்லை, தாளைத் தடவிப் பார்த்துவிட்டு, "இன்னும் வெச்சிருக்கீங்களா?" என்றார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். விதி 8, 1993 திருத்தம், நான் கவனித்தது, சொல்லாமல் விட்டது, எல்லாம்.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். நானே தொடர்ந்தேன்: "ஒண்ணு மட்டும் சொல்லணும் டீச்சரம்மா. அப்படிப் போட்டிருந்தா வந்த பணம் முந்நூறு பேருக்கும் பிரிஞ்சிருக்கும். உங்களுக்குப் பங்கு குறைஞ்சிருக்கும்." எனக்கு நானே ஒரு சமாதானம் தேடிக்கொண்டேன் என்று இப்போது தோன்றுகிறது.

"குறைஞ்சிருக்கும்தான். குறைஞ்சா என்ன ஐயா? அந்த இட்லிக்காரம்மாவுக்கும் ஏதோ போயிருக்குமில்ல" என்றார். பிறகு, "எங்கிட்ட சொல்லி இப்ப என்ன பிரயோஜனம்? இனிமே தேவைப்படுறவங்க நாலு பேருக்குச் சொல்லுங்க" என்றார்.

அதனால்தான் இதை எழுதினேன். அந்தத் தாளைத் திரும்பவும் நான்காக மடித்து ரசீதோடு சேர்த்து வைத்துவிட்டேன். பெட்டி இப்போது பரணில் இல்லை, என் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது.